எந்த நாய் நல்ல நாய்?

கழுத்தில் சிறு மதுப் பீப்பாய் தொங்க, பனியில் புதைந்தவனைத் தேடி வரும் பெரிய நாயின் படத்தைப் பாராதவர் நம்மில் சிலரே இருப்பர். செயின்ட் பெர்னார்டு என்பது அதன் ஜாதிப் பெயர். நாய் மெய், பீப்பாய்தான் பொய். 1820-ஆம் ஆண்டில், இருபது வயதும் நிரம்பாத லாண்ட்ஸீர் என்னும் ஆங்கில ஓவியன் தன் சித்திரத்தில் அதைத் தொங்கவிட்டான். அன்று முதல் அது கழன்றபாடில்லை. குளிரில் விறைத்தவனுக்கு மதுவைப் புகட்டினால் தோலிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து, உடம்பில் எஞ்சிய கொஞ்ச நஞ்சச் சூடும் வெளியேறிவிடும். நல்ல வேளை, நாய்கள் அந்தப் பாவத்தைச் செய்யவில்லை.

அதே லாண்ட்ஸீர் பிற்காலத்தில் விரும்பித் தீட்டிய மற்றொரு ஜாதி, நியூபவுண்ட்லாந்து. கனடாவின் கீழ்க்கரைத் தீவொன்றில் செம்படவர்களோடு வலையிழுத்து வளர்ந்த நாய் அது. விரல்களுக்கு நடுவே ஜவ்வு உண்டு. எண்ணெய்ப் பசையுள்ள இரட்டை ரோமத்தில் நீர் எளிதில் இறங்காது. நீரில் தத்தளிப்போரைக் கரைசேர்க்க இத்தாலிக் கடற்கரைகளில் இன்றும் இதனைப் பழக்குகிறார்கள்.

இவ்விரண்டில் எதை வாங்கலாம் என்று, டொராண்டோ நகருக்கருகே ஏரிக்கரையில் குடியிருக்கும் பழைய மாணவர் ஒருவர் நமக்கு எழுதிக் கேட்டிருந்தார். பத்து வயது மகனின் பிடிவாதமாம். ஆசிரியரிடம் இன்னதுதான் கேட்கலாம் என்ற வரம்பு இல்லை போலும்! சுதேசிப் பற்றினால் நம் ராஜபாளையத்து நாயைச் சிபாரிசு செய்ய நாக்குத் துடித்தது வாஸ்தவமே. ஆனால் ஜனவரி மாதத்துக் கனடாவில் அந்த மெல்லிய குட்டை ரோமம் என்ன செய்யும்? வெயிலுக்குப் பிறந்ததை அங்கே அனுப்பி நடுங்கவிடுவதும், பனிக்குப் பிறந்ததைச் சென்னையில் வைத்துத் தவிக்கவிடுவதும் ஒரே குற்றந்தான்.

உண்மையில் இந்தக் கேள்விக்கு ஆல்ப்ஸ் மலைத் துறவிகளே ஒருமுறை விடை கண்டிருக்கிறார்கள். ஸ்விட்ஸர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையே, 2,469 மீட்டர் உயரத்திலுள்ள கணவாயில் அவர்களுடைய மடம் இருக்கிறது. அங்கே 1800-இல் பிறந்த பாரி என்ற நாய் நாற்பது பேருக்கு மேல் காப்பாற்றியதாகச் சொல்வார்கள். 1814-இல் இறந்த அதன் உடலைப் பதப்படுத்தி பெர்ன் நகரக் காட்சிச்சாலையில் வைத்திருக்கிறார்கள். இன்றைய செயின்ட் பெர்னார்டைவிடச் சிறிய உடல், குட்டை ரோமம். அந்த நூற்றாண்டிலேயே மடத்து நாய்கள் அருகிப்போகவே, துறவிகள் நியூபவுண்ட்லாந்தோடு கலப்புச் செய்தனர். அடர்ந்த ரோமம் குளிரை இன்னும் நன்றாகத் தாங்கும் என்பது அவர்கள் எண்ணம். நடந்ததோ வேறு. நீண்ட ரோமத்தில் பனி கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டது. அந்தப் பாரத்தோடு நாய் நடக்க மாட்டாமல் திணறியது. நீள்ரோமக் குட்டிகளை அடிவாரத்தாருக்குக் கொடுத்துவிட்டார்கள். கடலில் உயிர்காத்த கம்பளம் மலையில் விலங்காகிவிட்டது! படங்களில் அழகென்று நாம் மெச்சும் நீள்ரோமச் செயின்ட் பெர்னார்டு, மடம் வேண்டாமென்று ஒதுக்கிய வகை என்பது வேடிக்கையல்லவா?

ஆகவே, ஏரிக்கரை வீட்டுக்கு நியூபவுண்ட்லாந்தே என்று பதில் எழுதினோம். இரண்டும் குழந்தைகளிடம் சாது. இரண்டும் வாய்நீர் ஒழுக்கும். கோடையில் இரண்டுக்கும் நிழலும் நீரும் வேண்டும். அறுபது, எழுபது கிலோ எடையுள்ள பிராணிக்குத் தீனிச் செலவும் சொல்ல வேண்டியதில்லை. இவற்றையெல்லாம் மாணவர் தாமே கணக்கிட்டிருந்தார். ஒரு கணக்கை மட்டும் அவர் போடவில்லை. இத்தகைய பெருநாய்களின் ஆயுள் பெரும்பாலும் எட்டிலிருந்து பத்து ஆண்டுகளே. பையன் கல்லூரி வாசலை மிதிக்கும் சமயத்தில் நாய் போய்விடும்.

குழந்தையிடம் இதைச் சொல்லலாமா என்று நம் வீட்டிலேயே ஆட்சேபம் எழுந்தது. சொல்லத்தான் வேண்டும் என்பது நம் கட்சி. அந்த ரோமத்தை வாரத்தில் பல முறை சீவியாக வேண்டும். சீப்பைப் பையன் கையிலேயே கொடுத்துவிடும்படியும், முதல் நாள் சீவும்போதே அந்த எட்டாண்டுக் கணக்கை அவனிடம் சொல்லிவிடும்படியும் எழுதியிருக்கிறோம்.