தொண்டூரில் ஒரு கடைசி ஓவர்

செஞ்சிக் கோட்டைக்கு பைக்கில் கிளம்புற கூட்டமா நீங்க? அப்படியே தொண்டூர் பக்கமும் வண்டியைத் திருப்புங்க. பாறையில் சமணர் படுக்கை, தமிழ் பிராமி எழுத்துன்னு பார்க்க விஷயம் இருக்கு. இறங்கி வரும்போது, அறுவடை முடிஞ்ச வயலில் டென்னிஸ் பால் மேட்ச் நடந்தா கொஞ்சம் நில்லுங்க. கடைசி ஓவர் போடுற பையனை மட்டும் கவனிங்க.

வேகத்தைப் பார்த்து மயங்கிடாதீங்க. உத்தரப்பிரதேசத்து ரிங்கு சிங், ஈட்டி எறிஞ்சவர். 2008-ல் நடந்த 'மில்லியன் டாலர் ஆர்ம்' போட்டியில் ஜெயிச்சு, அமெரிக்க பேஸ்பாலுக்கே போனார். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தமும் கிடைச்சுது. ஆனா ரிலீஃப் பிட்சரா மைனர் லீக்கைத் தாண்டவே இல்லை. கையில் காயம் வேற. 2018-ல் மல்யுத்தத்துக்குப் போயிட்டார்.

நம்ம சேலத்து சின்னப்பம்பட்டி நடராஜனும் டென்னிஸ் பாலில் பழகியவர்தான். 2015-ல் முதல் ரஞ்சி மேட்ச். ஆடி முடிச்சதுமே ஆக்‌ஷன் மேல சந்தேகம்னு புகார்! மனுஷன் அசரலை. ஆக்‌ஷனைத் திருத்திக்கிட்டு வந்து, 2016 டி.என்.பி.எல். சூப்பர் ஓவரில் யார்க்கரா இறக்கினார். 2017 ஏலத்தில் பஞ்சாப் கொடுத்தது 3 கோடி. 2020 டிசம்பரில் இந்திய ஜெர்சி.

தொண்டூர்ப் பையன் சிக்ஸர் வாங்கினதும், அடுத்த பந்து எங்கே விழுதுன்னு பாருங்க. மறுபடியும் காலடியிலேயா? அப்போ பையில் இருக்கிற லெதர் பாலை எடுத்துக் கொடுத்து, ரெண்டு ஓவர் போடச் சொல்லுங்க. மாவட்ட செலக்‌ஷன் தேதியையும் சொல்லிட்டு வாங்க.