சீசன் ராத்திரியும் ஒரு பில்லும்

குற்றாலத்தில் நைட் கிளப் கிடையாது. யாரும் அதைத் தேடியதாகவும் தெரியவில்லை. ஜூனில் சாரல் விழ ஆரம்பித்தால் ஊரே ராத்திரியில் முழித்திருக்கும். விளக்கு வெளிச்சத்தில் பேரருவி கொட்டும். தலை துவட்டாத கூட்டம் ஈரத்துண்டோடு கடைவீதியில் நடக்கும். அருவிக்கடியில் அரைமணி நேரம் நின்றவனுக்கு ஒரு பசி வருமே, அதை நம்பித்தான் தென்காசியில் தொடங்கி செங்கோட்டைப் பக்கம் பிரானூர் வரைக்கும் பரோட்டாக் கல் சூடு ஆறாமல் கிடக்கிறது. பல கடைகளில் சப்ளையரின் வாய்தான் மெனு கார்டு. "காடை இருக்கு, நாட்டுக்கோழி இருக்கு, சுக்கா இருக்கு" என்று ராகம் போட்டுச் சொல்வார். விலை மட்டும் அந்த ராகத்தில் வராது.

2025 ஜூலையில் ஒரு சனிக்கிழமை. சென்னையிலிருந்து வந்த ரெண்டு நண்பர்கள், என் அத்தை மகன், நான். குளித்துவிட்டுக் கொஞ்சம் பெரிய ஓட்டல் ஒன்றில் உட்கார்ந்தோம். ஆயிரத்து எண்ணூறு ரூபாய் வரும் என்று அத்தான் மனக்கணக்குப் போட்டிருந்தார். வந்தது 2,356.

பில்லை வரி வரியாகப் படித்தேன். கேட்காமலே மேசைக்கு வந்து, யாரும் கை வைக்காமல் ஆறிக் கிடந்த மட்டன் சுக்கா 320. அதற்குக் கீழே சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், 204. அந்த 204-ஐயும் சேர்த்த தொகைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். கூடுதல் மொத்தம் 550 ரூபாய். ஆளுக்கு 137. "விடுடா, 137 ரூபாய்க்கு யாராவது சண்டை போடுவாங்களா?" என்றான் ஒரு நண்பன். இந்தக் கேள்வியை நம்பித்தான் அந்த வரியே அச்சாகிறது என்று எனக்குத் தோன்றியது.

கல்லாவில் இருந்த மேனேஜரிடம் போனேன்.

"அண்ணாச்சி, இந்த சர்வீஸ் சார்ஜ எடுத்துருங்க."

"அது கவர்மெண்டு வரி தம்பி."

"வரி ஜிஎஸ்டிதான், அதைக் குடுக்கேன். இது வரி இல்லையே."

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல் இதில் தெளிவாக இருக்கிறது. உணவகம் சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது. வேறு பெயரில் வாங்கக் கூடாது. சாப்பாட்டுத் தொகையோடு கூட்டி அதற்கும் ஜிஎஸ்டி போடக் கூடாது. எடுக்க மறுத்தால் 1915-க்கு அழைக்கலாம். உணவக சங்கங்கள் இதை எதிர்த்துத் தில்லி உயர் நீதிமன்றம் போயின. 2025 மார்ச் 28 அன்று அந்த மனுக்கள் தள்ளுபடியாயின. தண்ணீர் பாட்டிலுக்கு 40 ரூபாய் போட்டிருந்ததைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. மேசையில் பரிமாறும் தண்ணீருக்கு எம்ஆர்பிக்கு மேல் வாங்கலாம் என்று 2017-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நியாயம் கேட்கப் போகிறவன் அந்தப் பக்கத்து நியாயத்தையும் தெரிந்துகொண்டு போனால் குரலை உயர்த்த வேண்டியிருக்காது.

1915 என்றதும் மேனேஜர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, எடுத்துருதேன்." சுக்காவைப் பற்றிக் கேட்டபோது சப்ளையரைக் கைகாட்டினார். "இவன் கேக்காம வச்சிருக்கான்லா, இவன் கணக்குல போட்டுருதேன். நீங்க போங்க."

அவருக்கு ஐம்பது வயது இருக்கும். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் மேசைக்கு மட்டுமல்ல, எல்லா மேசைக்கும் ஒரு தட்டு சுக்கா போனதை நான் பார்த்திருந்தேன். அது ஒரு ஆளின் யோசனையாக இருக்க முடியாது.

"அவர் கணக்குல போட்டா நானே குடுத்துருதேன் அண்ணாச்சி. ஆனா கேக்காமலே தட்டு வைக்கச் சொன்னது யாருன்னு பில்லுல எழுதித் தாங்க."

பின்னால் ரெண்டு குடும்பம் பில்லோடு நின்றது. அவர்களும் தங்கள் பில்லைப் படிக்க ஆரம்பித்தார்கள். புதுப் பில் வந்தது: 1,720, ஜிஎஸ்டி 86, மொத்தம் 1,806. யார் கணக்கிலும் போடவில்லை என்று மேனேஜர் வாயால் சொன்னார்.

வெளியே கை கழுவும் இடத்தில் சப்ளையரிடம் கேட்டேன், சர்வீஸ் சார்ஜ் உங்களுக்கு வருமா என்று.

"அது எங்க வரும் தம்பி? நீங்க கையில தாரதுதான் எங்களுக்கு." நூறு ரூபாயைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "நாளைக்கு மாசக் கணக்குல பிடிச்சாலும் பிடிப்பாவ" என்றார், என்னைக் குறை சொல்லாமல்.

சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக் கூடாது என்று 1936-லேயே சட்டம் வந்துவிட்டது. எனக்கு ஒரு பில் இருந்தது. அதில் அச்சடித்த வரிகள் இருந்தன, விரல் வைத்துக் கேட்டேன். அவர் கணக்கு கல்லாவுக்கு அடியில் ஒரு நோட்டில் இருக்கிறது. அதை அவர் கையில் யாரும் கொடுப்பதில்லை. காரில் ஏறியதும் நண்பன், "550 மிச்சம்" என்று சிரித்தான். அதில் 320 யாருடையது என்று அத்தான் கேட்டார். தென்காசி வரும்வரை யாரும் பதில் சொல்லவில்லை.