அஞ்சறைப் பெட்டியும் பயர்பாக்ஸும்

2014 ஏப்ரல் 29 அன்று பயர்பாக்ஸின் 29ஆம் பதிப்பு வந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். ‘ஆஸ்திரேலிஸ்’ என்று அந்தப் புதுத் தோற்றத்துக்குப் பெயர். டேப்கள் வளைந்துகொண்டன. விண்டோஸில் இடது மூலையில் இருந்த ஆரஞ்சுப் பட்டன் போய், வலது ஓரத்தில் மூன்று கோடுகள் வந்து உட்கார்ந்தன. அடியில் இருந்த ஆட்-ஆன் பட்டையைக் காணோம்.

எனக்குப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஊரெல்லாம் கூச்சல். குரோம் மாதிரி ஆக்கிவிட்டார்கள் என்பது பலருடைய கோபம். மாற்றம் பிடிக்காத கிழங்கள் என்று கேலி செய்தவர்களும் உண்டு. அந்தக் கேலி எனக்கு ஒப்பவில்லை. கணினியை அறுபது வயதில் கற்றவனுக்குக் கண்ணுக்கு முன்னால் விரல் போய்விடும். என் மனைவி அஞ்சறைப் பெட்டியில் பார்க்காமலே கடுகை எடுப்பாள். கிண்ணங்களை இடம் மாற்றிவிட்டு, பெட்டி பளபளவென்று இருக்கிறதே என்று சொல்லிப் பாருங்கள், கரண்டி பறக்கும்.

பழைய தோற்றத்தை மீட்க ‘கிளாசிக் தீம் ரெஸ்டோரர்’ என்ற ஆட்-ஆன் இருந்தது. நிறையப் பேர் அதைப் போட்டுக்கொண்டார்கள். 2017 நவம்பரில் 57ஆம் பதிப்பு வந்ததும் பழைய வகை ஆட்-ஆன்கள் எல்லாம் நின்றன. அதுவும் போயிற்று. வேடிக்கை என்னவென்றால், அதே பதிப்பில் வளைந்த டேப்கள் மறுபடி சதுரமாகிவிட்டன! மூன்று கோடுகள் மட்டும் வலது ஓரத்தை விட்டு நகரவில்லை.