டாமோடிரன் எங்கே இருந்தார்?

சிரிப்பு மனிதனுக்கு மட்டுமே வாய்த்த செல்வம் என்பர். அச்செல்வம் எவர் கையில் இருக்கின்றது, எவர் தலைமீது செலவிடப்படுகின்றது என்ற கேள்வியை நாம் அதிகம் எழுப்புவதில்லை. அக்கேள்வியை எம்மிடம் எழுப்பியவள் கொட்டாஞ்சேனையில் எம்மிடம் தமிழ் படிக்கும் ஓர் உயர்தர வகுப்பு மாணவி. அவள் எழுப்பும்வரை நாமும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

விடயம் இதுதான். சென்ற போயா விடுமுறையன்று வெள்ளவத்தையில் எமது பெரியப்பாவைப் பார்க்கச் சென்றிருந்தோம். எண்பதைக் கடந்தவர். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் மூன்றாம் தளத்தில் மகளோடு வசிக்கின்றார். கண்பார்வை மங்கியதால் புதினப் பத்திரிகை வாசிப்பையும் விட்டுவிட்டார். அவரது பொழுது போகட்டும் என்று, ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் உள்ள ‘சிரித்திரன்’ சஞ்சிகையின் பழைய இதழ்களைக் கைத்தொலைபேசியில் பெரிதாக்கிக் காட்டினோம். கிழவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“உதை விடாதை தம்பி, பிடி பிடி! தம்பரெல்லே!” என்றார்.

அவர் அப்படித் துள்ளியதற்குக் காரணம் உண்டு. 1963 இல் சிரித்திரன் கொழும்பில் பிறந்தபோது அவர் அரசாங்கக் கந்தோரில் புதிதாகச் சேர்ந்த எழுதுவினைஞர். வெள்ளவத்தை வீடொன்றில் அறையெடுத்துத் தங்கியிருந்த நான்கு இளைஞரில் ஒருவர். முதல் இதழ்களிலிருந்தே சேர்த்துவைத்து, தகரப் பெட்டியொன்றில் அடுக்கியிருந்தாராம். 1983 யூலையில் உடுத்த உடையோடு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமுக்கு ஓடி, அங்கிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறை போய்ச் சேர்ந்தபோது, அப்பெட்டி வெள்ளவத்தையிலேயே நின்றுவிட்டது. வீடு எரிந்தது, பெட்டியும் எரிந்திருக்கவேண்டும். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1981 இல், யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தது. நாடறிந்த அந்நெருப்புக்கு ஆண்டுதோறும் நினைவுநாள் உண்டு. தகரப் பெட்டிகளுக்கு நினைவுநாள் இல்லை. 2005 இல் தொடங்கப்பெற்ற நூலகம் திட்டத்தினர் தேடித் தேடிப் படியெடுத்து வைத்த பக்கங்களில், பெரியப்பா தமது பெட்டியைத்தான் மீளத் திறந்தார்.

சிரித்திரனை நடத்திய சி. சிவஞானசுந்தரம், ‘சுந்தர்’ என்ற பெயரில் வரைந்தவர். வடமராட்சிக் கரவெட்டியில் பிறந்தவர். கட்டடக்கலை பயிலப் பம்பாய் சென்று, கேலிச்சித்திரக்காரராகத் திரும்பியவர். க. கைலாசபதி ‘தினகரன்’ ஆசிரியராக இருந்த காலத்தில் அவருடைய சவாரித் தம்பர் அப்பத்திரிகையில் உலாவத் தொடங்கினார். பின்னர் தமக்கென ஒரு சஞ்சிகையைத் தொடங்கி, தம்பரையும் சின்னக்குட்டியையும் அழைத்துக்கொண்டு வந்தார். மைனர் மச்சான், மெயில்வாகனத்தார், மிஸிஸ் டாமோடிரன் என்று அக்குடும்பம் பெருகியது. சஞ்சிகை பின்னாளில் யாழ்ப்பாணம் பெயர்ந்தது. போர் அதனையும் வாட்டியது. 1996 இல் சுந்தர் மறைந்தார்.

தமிழில் கேலிச்சித்திரம் அவரோடு தொடங்கியதன்று. 1906 இல் தொடங்கிய ‘இந்தியா’ பத்திரிகையில் பாரதி அந்நிய ஆட்சியைச் சித்திரத்தால் குத்தினார். ஆனால் ஈழத்துச் சாதாரண மனிதரை அவர்கள் நடையோடும் உடையோடும் பேச்சோடும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து வரைந்தவர் என்று கேட்டால், சுந்தரின் பெயரே முதலில் நாவில் வரும்.

நாமும் பெரியப்பாவும் அன்று மாலைவரை பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தோம். அப்போது ஒன்றைக் கவனித்தோம். படத்தைக் கண்டதும் அவர் சிரித்துவிடுவார். நாம் வாசித்து முடித்து, அவர் முகத்தைப் பார்த்து, அதன்பின் சிரிப்போம். எமக்கும் அச்சிரிப்புக்கும் நடுவே ஒரு பொழிப்புரை தேவைப்பட்டது. மாட்டுவண்டிச் சவாரி என்றால் வெறும் ஓட்டமன்று. ஊர்ப்பெருமை, பந்தயம், காளைக்கு ஊட்டிய பருத்திவிதை, தோற்றபின் ஒரு கிழமை மூடிக்கிடக்கும் படலை எல்லாம் அதற்குள் அடக்கம் என்று அவர் சொல்லவேண்டியிருந்தது. மெயில்வாகனத்தார் என்ற பெயரில் முருகனின் மயிலும் இரவுத் தபால் வண்டியும் ஒன்றாக ஏறியிருக்கும் விதத்தையும் அவரே விளக்கினார். மனைவி மக்களை ஊரில் விட்டுக் கொழும்பில் உழைத்த எழுதுவினைஞர்களுக்கு, வெள்ளிக்கிழமை இரவுக் கோட்டைப் புகையிரத நிலையம் கோவில் வாசலுக்குச் சமானம்.

தம்பரின் பேச்சைப் பற்றியும் ஒரு சொல். அறுபதுகளின் தொடக்கத்தில் இந்நாட்டில் மரபுப் போராட்டம் என்று ஒன்று நடந்தது. மக்கள் பேசும் தமிழைக் கதைகளில் எழுதுவதை ‘இழிசனர் வழக்கு’ என்று பண்டிதர் சிலர் பழித்தனர். மண்வாசனை வேண்டும் என்று முற்போக்கு எழுத்தாளர் எதிர்நின்றனர். பல்கலைக்கழகத்தில் அப்போராட்டத்தைப் பரீட்சைக்காகப் படித்தோம். பண்டிதர்களுக்கும் விமர்சகர்களுக்கும் இடையே நடந்த வழக்காகவே அது எமது குறிப்பேட்டில் பதிந்திருந்தது. அதே காலத்தில் தம்பர் யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழோடு பத்திரிகைப் பக்கத்திற்கு வந்து, எவரிடமும் அநுமதி கேளாமல் உட்கார்ந்துகொண்டார் என்பதை எந்தக் குறிப்பேட்டிலும் நாம் எழுதவில்லை. வாசகர் சிரித்தனர், வழக்கில் பாதி அங்கேயே தீர்ந்துவிட்டது.

இந்த மகிழ்ச்சியோடுதான் மறுவாரம் வகுப்புக்குச் சென்றோம். தம்பரையும் மிஸிஸ் டாமோடிரனையும் படியெடுத்து மாணாக்கரிடம் கொடுத்தோம்.

எமது பாடசாலை இருப்பது கொட்டாஞ்சேனையில். துறைமுகத் தொழிலாளர், செட்டியார் தெருக் கடைச் சிப்பந்திகள், முச்சக்கர வண்டி ஓட்டுநர் ஆகியோரின் பிள்ளைகள் அங்கே படிக்கின்றனர். பலரது பாட்டனார் மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து இறங்கியவர்கள். 1948 இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர் ஆக்கிய பரம்பரையினர். ‘சவாரி’ என்றதும் ஒருவன், “ஹயர் போறதா சேர்?” என்றான். வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம். தம்பரின் தமிழ் அவர்களுக்கு அந்நியமாகவே இருந்தது. எமது மண்வாசனை, பக்கத்து மண்ணுக்கு விளங்காத வாசனையாகவும் இருக்கக்கூடும் என்று அப்போதுதான் உறைத்தது.

பின்னர் மிஸிஸ் டாமோடிரனுக்கு வந்தோம். தாமோதரன் என்ற நல்ல பெயர் ஆங்கில நாவில் புரண்டு டாமோடிரன் ஆன கதையைச் சொன்னோம். 1956 இன் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியபின்னும், ஆங்கிலம் அந்தஸ்தின் மொழியாகக் கொழும்பு வரவேற்பறைகளில் சப்பாத்தோடு உலாவியதைச் சொன்னோம். தாய்மொழியில் பேச வெட்கிய அந்த நடுத்தர வர்க்கத்தைச் சுந்தர் எப்படி நையாண்டி செய்தார் என்று சற்றுப் பெருமிதத்தோடே விளக்கினோம்.

அப்போது கடைசி வாங்கில் இருந்து அந்த மாணவி எழுந்தாள்.

“சேர், மிஸிஸ் இருக்காங்க. மிஸ்டர் டாமோடிரன் எங்க?”

நாம் பதில் சொல்லுமுன் அவளே தொடர்ந்தாள்: “எங்க அம்மாவும் நாலு இங்கிலீஷ் வார்த்தை பழகிக்கிட்டுத்தான் குவைத்துக்கு வேலைக்குப் போனாங்க. போன்ல பேசுறப்போ அது கலந்துதான் வருது. அவங்களப் பாத்தும் நாம சிரிக்கணுமா சேர்?”

வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை.

எமக்கு முதலில் வந்தது கோபம் என்பதை மறைக்க விரும்பவில்லை. எமது இலக்கிய முன்னோடி ஒருவரை இவள் விளங்காமல் குறை கூறுகின்றாளே என்ற கோபம். ‘காலச் சூழலை நோக்கவேண்டும்’ என்று ஆரம்பித்து ஐந்து நிமிடம் பேசினோம். ஆசிரியருக்குப் பதில் தெரியாதபோது காலச் சூழல் கைகொடுக்கும். மணி அடித்தது. மாணவி மரியாதையாக உட்கார்ந்துவிட்டாள். ஆனால் அவளது கேள்வி எம்மோடு ஜிந்துப்பிட்டிச் சந்திவரை நடந்து வந்து, பஸ்ஸிலும் ஏறிக்கொண்டது.

யோசித்துப் பார்த்தால், சுந்தருக்காகச் சொல்ல நியாயம் உண்டு. அவர் ஏழைகளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தாம் அறிந்த, தம்மைச் சூழ்ந்திருந்த படித்த வர்க்கத்தின் போலித்தனத்தையே குறிவைத்தார். பிரான்சு தேசத்து ஓவியர் தோமியே, மன்னன் லூயி பிலிப்பைப் பெருவயிற்றுப் பூதமாக வரைந்தமைக்காக 1832 இல் ஆறு மாதம் சிறை சென்றார். கேலிச்சித்திரத்தின் பெருமை அது மேல்நோக்கி எறியப்படும் கல்லாக இருப்பதில் உள்ளது. மிஸிஸ் டாமோடிரனும் மேல்நோக்கி எறியப்பட்ட கல்தான்.

ஆயினும் கல் விழுந்த இடம் எது? அந்த வர்க்கத்தின் ஆங்கில மோகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தது எவர்? கந்தோரில் ஆங்கிலத்தில் குறிப்பெழுதி, துரைக்கு முன் ஆங்கிலத்தில் வணங்கி, ஆங்கிலத்தால் பதவி உயர்வு பெற்றவர் டாமோடிரன். அவரது அந்தஸ்தை உடுத்திக் காட்டும் வேலையே மனைவிக்கு விதிக்கப்பட்டது. மோகத்தின் வேர் கணவரின் மேசையடியில் இருக்க, சிரிப்பு மனைவியின் கைப்பையில் விழுந்தது. இது சுந்தர் ஒருவரது குறையன்று. வேரைக் கெல்லுவதைவிட இலையைக் கிள்ளுவது இலகு. பல தேசத்து நகைச்சுவையும் பெண்ணிடம் வரும்போது இந்த இலகுவான வழியையே நாடியிருக்கின்றது. அதைக் கண்டு சிரித்த முற்போக்காளராகிய நாமும் அப்படியே.

இன்னொன்றும் உண்டு. ஆங்கிலம் இன்றும் அந்தஸ்தின் மொழிதான். வெள்ளவத்தையில் சர்வதேசப் பாடசாலைகளின் பெயர்ப்பலகைகளை எண்ணிக்கொண்டு நடந்தால் அது விளங்கும். ஆகவே அச்சித்திரம் செத்துவிடவில்லை. ஆனால் அதே ஆங்கிலம், வளைகுடா நாட்டில் பிறர் வீட்டுச் சமையலறையில் நிற்கும் ஒரு தாய்க்கு, சம்பளம் கேட்கவும் நோவைச் சொல்லவும் உதவும் ஆயுதம். ஒரே கலப்புப் பேச்சு ஒருத்திக்கு ஆபரணம், மற்றவளுக்கு அகப்பை. இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்கத் தெரியாத சிரிப்பு, மேல்நோக்கி எறிந்த கல்லாகத் தொடங்கி, எறிந்தவன் அறியாமலே கீழே நிற்பவர் தலையில் விழுந்துவிடுகின்றது.

அடுத்த ஞாயிறு பெரியப்பாவிடம் இதைச் சொன்னோம். அவர் சிரிப்பார், அல்லது ‘இந்தக் காலத்துப் பிள்ளையள்’ என்று ஏதேனும் சொல்வார் என்று எதிர்பார்த்தோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. கீழே கடலோரமாகப் புகையிரதம் ஒன்று போய் ஓய்ந்தது.

“மிஸ்டர் டாமோடிரன் நான்தான் தம்பி” என்றார்.

பின்னர் மெல்ல மெல்லச் சொன்னார். மணம் முடித்துப் பெரியம்மாவைக் கொழும்புக்கு அழைத்துவந்த புதிது. கந்தோரில் மேலதிகாரி ஒருவரைத் தேநீருக்கு அழைத்திருந்தார். ஊர்ப் பேச்சுப் பேசி மானத்தை வாங்கிவிடாதே என்று, ஒரு கிழமையாகப் பெரியம்மாவுக்கு ஆங்கில வசனங்கள் ஐந்தாறு சொல்லிக் கொடுத்தாராம். விருந்தாளி வந்தபோது பெரியம்மா தடுமாறி, ஒன்றுக்கு மற்றொன்றைச் சொல்லிவிட்டார். மறுநாள் பழைய அறைத் தோழர்கள் வந்திருந்தார்கள். சிரித்திரன் மேசையில் கிடந்தது. மிஸிஸ் டாமோடிரனைக் காட்டி, “எங்கட வீட்டிலும் ஒரு ஆள் இருக்கிறா” என்று பெரியப்பா சொல்ல, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“அவ தேத்தண்ணி கொண்டந்தவ. கேட்டுக்கொண்டுதான் நிண்டவ. அவ சிரிக்கேல்லை. அதுக்குப் பிறகு வெளியாக்கள் வந்தால் அவ குசினியை விட்டு வாறேல்லை. நானும் ஏனெண்டு கேக்கேல்லை.”

பெரியம்மா காலமாகிப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. விருந்தாளிகள் முன் வராத கூச்ச சுபாவம் உள்ளவர் என்றே அவரை நாம் சிறுவயது முதல் அறிந்திருந்தோம்.

அன்று நாம் அந்தப் பக்கங்களைத் திறக்கவில்லை. மறுமுறை சென்றபோது அவரே, “தம்பரைக் காட்டு” என்றார். காட்டினோம், சிரித்தார். மிஸிஸ் டாமோடிரன் வந்தபோது, “உதையும் காட்டு. ஒளிக்காதை” என்றார்.

ஒளிக்கத்தான் கூடாது. பழைய பக்கங்களைக் கற்பூரம் காட்டி வணங்குவதும் தவறு. இன்றைய அறிவு வந்துவிட்டது என்பதற்காக அவற்றைக் கிழித்தெறிவதும் தவறு. நெருப்பால் கிழிபட்டவை போதும். அவற்றை வகுப்பறைக்குக் கொண்டுசெல்வோம். சிரிக்க விடுவோம், சிரித்தபின் கேள்வி கேட்கவும் விடுவோம். கேள்வி எமது ஆசான்களை நோக்கி வந்தாலும், எம்மை நோக்கியே வந்தாலும், காலச் சூழல் என்ற குடையை விரித்து மறைந்துகொள்ளாதிருப்போம்.

நாம் மறுபடி வகுப்புக்குச் சென்று அந்த மாணவியிடம், அவள் கேள்வி சரியென்றும் எமது பதில் சரியன்று என்றும் சொன்னோம். பின்னர் எல்லாரையும் மிஸ்டர் டாமோடிரனை வரையச் சொன்னோம். சிலர் தொப்பையும் கழுத்துப்பட்டியும் வரைந்தார்கள். அவள் ஒரு சாய்மனைக் கதிரை வரைந்திருந்தாள். கதிரையில் இருப்பவரின் முகம் தெரியவில்லை. விரித்த பத்திரிகை அதை மறைத்திருந்தது. பக்கத்தில் ஒரு கை தேநீர்க் கோப்பையை நீட்டிக்கொண்டிருந்தது.

அப்படத்தைப் பெரியப்பாவுக்குக் காட்டினோம். கைத்தொலைபேசியைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு, “இது சுந்தரிட்டைக் குடுத்திருந்தால் போட்டிருப்பார்” என்றார்.