ஆடாத ஸ்டூல்

போன ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. அடுப்படியில் 'தடால்' என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், அம்மா தரையில் கிடக்கிறார். பக்கத்தில் மூன்று காலோடு ஒரு ஸ்டூல். நான்காவது கால் சிங்க்குக்கு அடியில் கிடந்தது. நல்லவேளை, எலும்பு எதுவும் முறியவில்லை. முழங்கை மட்டும் ஒரு வாரம் கன்றிப்போயிருந்தது.

அம்மாவுக்கு 71 வயது. முழங்கால் வலியால் தரையில் உட்கார முடியாது. காய் நறுக்க, கீரை ஆய, பூ தொடுக்க எல்லாவற்றுக்கும் அந்த ஸ்டூல்தான். கடையில் வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

அப்பா கழன்ற காலை எடுத்து முனையைத் தடவிப் பார்த்தார். ஐம்பது வருடம் தச்சுவேலை செய்தவர். இப்போது கண்ணில் நீரழுத்த நோய் வந்து பார்வை முக்கால்வாசி போய்விட்டது. பென்சில் கோடு தெரியாது. உளியைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்து ஐந்து வருடம் ஆகிறது.

"வெறும் ஸ்குரு. கழுந்தும் இல்ல, துளையும் இல்ல. எப்படி நிக்கும்?" என்றார்.

அது என்ன கழுந்து என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு சட்டத்தின் முனையை நாக்கு மாதிரி மெலிதாக்கினால் அது கழுந்து. அந்த நாக்கு உள்ளே போய் உட்கார இன்னொரு மரத்தில் வெட்டும் குழி, துளை. இரண்டும் சேர்ந்தால் மரத்தை மரமே பிடித்துக்கொள்ளும். சட்டத்தின் முனையில் நார் ஓடும் திசையிலேயே ஸ்குருவை ஏற்றினால் பிடிமானம் குறைவு. ஆட ஆட ஓட்டை பெரிதாகி, ஒருநாள் கழன்றுவிடும். ஜெர்மனியில் லைப்சிக் நகரத்துக்குப் பக்கத்தில் தோண்டி எடுத்த கிணறுகளின் மரச்சட்டங்களில்கூட இந்தப் பொருத்து இருக்கிறது. சுமார் 7,000 வருடப் பழசு. இரும்பே இல்லாத காலத்தில் கல் கருவிகளால் செய்தவை!

"நான் ஒண்ணு செய்யறேன்பா" என்றேன். அப்பா பதில் சொல்லவில்லை.

சின்ன வயதில் அப்பாவின் பட்டறையில் எனக்கு இருந்த ஒரே வேலை, இழைப்புச் சீவலைக் கூட்டி அள்ளுவது. உளியைத் தொட்டால், "பொம்பளப் புள்ளைக்கு இது எதுக்கு? விரலை வெட்டிக்காத" என்பார். உளி அண்ணனுக்கு. அண்ணன் இப்போது துபாயில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். எனக்கு 46 வயது. ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். அந்தக் குறை உள்ளுக்குள் இருந்துகொண்டேதான் இருந்தது.

உளியில் துளை போடப் பழக வருடங்கள் ஆகும். அதனால் ஒரு ரவுட்டர் வாங்கினேன். "அதான் வீட்ல வைஃபை இருக்கேடி" என்றார் அம்மா. இது வேறு ரவுட்டர். இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த மோட்டார். அடியில் மாட்டிய பிட் நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் சுற்றும். அழுத்தினால் மரத்துக்குள் இறங்கும். போடும் சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் இரண்டு நாள் எங்கள் பக்கமே வரவில்லை. கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான், மூக்குக்கு மாஸ்க் இல்லாமல் அதைத் தொடக்கூடாது.

வெறும் கையால் ஓட்டினால் ரவுட்டர் தன் இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். அதை அடக்கத்தான் ஜிக். ஒரு பிளைவுட் பலகை, நடுவில் நீளமாக ஒரு திறப்பு, அடியில் மரத்தின் முகத்தோடு ஒட்டி நிற்க ஒரு தடுப்புக் கட்டை. ரவுட்டரின் அடியில் ஒரு வளையம் மாட்ட வேண்டும். அந்த வளையம் திறப்புக்குள் மட்டுமே நகரும். என் பிட் 10 மி.மீ., வளையம் 16 மி.மீ. எனவே 50 மி.மீ. நீளத் துளைக்குத் திறப்பு 56 மி.மீ. நீளம், 16 மி.மீ. அகலம். கணக்கு எனக்குப் பழகிய விஷயம்தானே!

சட்டம் 30 மி.மீ. கனம். அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 10 மி.மீ., கழுந்துக்கு. துளை 28 மி.மீ. ஆழம், கழுந்து 27. மிச்சம் ஒரு மி.மீ. பசைக்கு. ஒரே அழுத்தில் இறக்கக்கூடாது. ஒரு தடவைக்கு 4 மி.மீ. வீதம் ஏழு தடவை. நான்கு கால், எட்டுத் துளை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

அப்பா திண்ணையில் இருந்தபடி கேட்டார்: "ரெண்டு துளையும் காலுக்குள்ள சந்திக்குமே, என்ன பண்ணுவ?"

நான் யோசித்தே பார்க்கவில்லை. "கழுந்து முனைய ரெண்டையும் சாய்வா அறு. ஒண்ணுக்கொண்ணு வழி விட்டுக்கும்" என்றார்.

அடுத்த சிக்கலும் அவர் சொன்னதுதான். பிட் வட்டமாகச் சுற்றுவதால் துளையின் இரண்டு முனையும் அரைவட்டமாக முடியும். கழுந்தோ சதுரமாக இருக்கும். ஒன்று, துளையை உளியால் சதுரமாக்க வேண்டும். இல்லையென்றால் கழுந்தின் ஓரங்களை உருட்ட வேண்டும்.

"அரத்தை எடு" என்று கையை நீட்டினார்.

எட்டுக் கழுந்தையும் மடியில் வைத்து ஒவ்வொன்றாக உருட்டினார். இரண்டு இழுப்பு, கட்டைவிரலால் ஒரு தடவல். மறுபடி இரண்டு இழுப்பு. கண் தேவைப்படவே இல்லை. "தானா விழுந்தா ஆடும். அடிச்சு ஏத்தினா மரம் பொளக்கும். கை அமுக்கத்துக்குப் போகணும். கடைசியில கொட்டாப்புளியால லேசா ஒரு தட்டு, அவ்வளவுதான்."

பசை போடாமல் பொருத்திப் பார்த்தோம். எனக்கு எல்லாம் சரியாகத் தெரிந்தது. அப்பா நான்கு மூலையிலும் விரலை ஓட்டினார். ஒரு மூலையில் நின்றார். "இங்க மட்டும் வித்தியாசமா இருக்கு."

ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். 2 மி.மீ.! பழைய மரக்கடையில் இழைத்து வாங்கிய நான்கு தேக்குக் கால்களில் ஒன்று 45-க்குப் பதில் 43 மி.மீ. இருந்திருக்கிறது. அந்தக் காலில் மட்டும் ஜிக்கின் தடுப்பை வெளிமுகத்துக்குப் பதில் உள்முகத்தில் வைத்துவிட்டேன். ஜிக் தப்புப் பண்ணாது. ஆனால், நாம் தப்பாக வைத்தால் அந்தத் தப்பையும் கச்சிதமாக வெட்டிக் கொடுக்கும்.

அழுகையே வந்துவிட்டது. அப்பா திட்டவில்லை. "முகத்துக்குக் குறி போடாம வேலைய ஆரம்பிக்கக் கூடாது. இத உனக்கு நான் சொல்லிக் குடுத்ததில்லையே" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "சொல்லிக் குடுத்திருக்கணும்" என்றார்.

அதே தேக்கில் ஒரு துண்டு இழைத்து, பசை போட்டுத் துளையை அடைத்தோம். மறுநாள் காலின் வெளிமுகத்தில் பென்சிலால் பெரிதாகக் குறி போட்டு, புதிதாகத் துளை எடுத்தேன். ரவுட்டரை மட்டும் அப்பாவிடம் கொடுக்கவில்லை. அதில் நான் கறார். ஆனால், அணைத்து வைத்தபின் ஜிக்கின் திறப்புக்குள் விரலை விட்டு முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தார். "கோடு இதுக்குள்ளயே இருக்கு!" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு உற்சாகத்தைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

பசை போட்டு இறுக்கி ஒரு நாள் விட்டோம். பிறகு ஒவ்வொரு பொருத்திலும் ஒரு மூங்கில் ஆணி. அதை அப்பாதான் சீவினார்.

அம்மா முதலில் உட்காரவில்லை. கையால் ஆட்டிப் பார்த்தார். காலால் தள்ளிப் பார்த்தார். அப்புறம் மெதுவாக உட்கார்ந்து, "ஏங்க, ஆடவே மாட்டேங்குதே" என்றார். உடனே முருங்கைக்கீரையை எடுத்துக்கொண்டார்.

உங்கள் வீட்டு ஸ்டூலையும் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். வெறும் ஸ்குருதான் என்றால், வயதானவர்களை அதில் உட்காரவைக்கும் முன் ஆட்டிப் பாருங்கள்.

அன்று சாயங்காலம் பட்டறை முழுக்கத் தூளும் சீவலும். துடைப்பத்தைத் தேடினேன். அது அப்பா கையில் இருந்தது.

"நீ போய் ரெண்டாவது ஸ்டூலுக்கு அளவெடு. இத நான் கூட்டுறேன்" என்றார்.