பெற்ற வயிறு

தடப்பள்ளி வாய்க்காலில் மகனைப் பறிகொடுத்த தாய் ஒருத்தியைத் தேற்ற, கோபிசெட்டிபாளையத்தை அடுத்த சிற்றூருக்குச் சென்றிருந்தேன். உயிர்ப்பின் நம்பிக்கையை நான் விளக்கிக்கொண்டிருக்கையில், "பெத்த வயிறு எரியுதுங்க சாமி" என்றாள். என் இறையியல் வாயடைத்து நின்றது.

அன்றிரவு 'விஸரலி' என்னும் ஆங்கில வினையடை நினைவுக்கு வந்தது. அறிவு ஆராயுமுன்னே உள்ளூர உணர்வதை அது குறிக்கும். அதன் வேராகிய 'விஸ்கெரா' என்னும் இலத்தீன் சொல்லுக்குக் குடல் முதலிய உள்ளுறுப்புகள் என்பது பொருள். இலத்தீன் விவிலியத்தில் செக்கரியாவின் பாடல் (லூக் 1:78) இறைவனின் இரக்கத்தை இச்சொல்லாலேயே சுட்டுகிறது. நயின் ஊர்க் கைம்பெண்மீது இயேசு பரிவுகொண்டதை (லூக் 7:13) உரைக்கும் கிரேக்க வினையும் குடலைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்ததே. எபிரேயத்திலோ இரக்கம் எனப் பொருள்படும் 'ரஹமீம்', கருப்பையைக் குறிக்கும் 'ரெஹெம்' என்பதோடு உறவுடையது.

இவற்றையெல்லாம் குருமடத்தில் மனனம் செய்து தேர்வும் எழுதியவன் நான். அவற்றின் பொருளை எனக்குக் கற்பித்தவளோ எழுத்தறியா அத்தாய். நயினில் ஆண்டவர் பாடையை அணுகித் தொட்டார் என்பதை அன்றுதான் ஊன்றிப் படித்தேன்.

மறுநாள் மீண்டும் சென்றேன். அவள் அழுது ஓயும்வரை ஒன்றும் பேசாது அருகே அமர்ந்திருந்தேன்.