தாத்தாவைப் பூட்டுங்கப்பா!

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன் மக்களே. 2001ல, எங்க புசா ரோடு வீட்டுக் கம்ப்யூட்டர்ல 'டூம் ரைடர் 2' ஓடும். பாலிகா பஜார்ல வாங்கின சிடி. பையனுக்கு அஞ்சு வயசு. மடியில உட்கார்ந்துகிட்டு கேக்கிறது ஒண்ணே ஒண்ணுதான்: "தாத்தாவைப் பூட்டுங்கப்பா!" லாரா மாளிகையில தட்டை ஏந்திகிட்டு பின்னாடியே வர்ற வயசான பட்லரை, குளிர் அறைக்குள்ள வரவெச்சு கதவை மூடணும். புதையல் எல்லாம் அப்புறம்தான்!

2013 மார்ச் 5ல கதையை முதல்லேர்ந்து மாத்தி புது 'டூம் ரைடர்' வந்துச்சு. லாராவுக்கு 21 வயசு. கப்பல் உடைஞ்சு ஜப்பான் பக்கத்துத் தீவுல ஒதுங்குறா, அடிபட்டு அடிபட்டு கத்துக்கிறா. மாளிகையும் இல்ல, பட்லரும் இல்ல.

ப்ரீ ஆர்டர் பண்ணா கடைக்கு ஒரு போனஸ். ஒரு இடத்துல லாராவுக்கு வேற உடுப்பு, இன்னொரு இடத்துல கூடுதலா ஒரு கல்லறை. பையன் கல்லறைதான் வேணும்னான். என் கார்டுலயே கட்டினேன். ஆனா அதே மார்ச்லதான் பன்னெண்டாவது பரீட்சை. "முடியட்டும்டா, சேர்ந்தே ஆடலாம்." அதுக்கப்புறம் அவன் காலேஜுக்கு ஊர்ப்பக்கம் போயிடுவான்னு ரெண்டு பேருக்கும் தெரியும்.

அவன் பிசிக்ஸ் படிச்சுகிட்டிருந்த ஒரு ராத்திரி, சும்மா பத்து நிமிஷம்னு ஹெட்போன் மாட்டினேன். "ஆபீஸ் வேலையா?"ன்னாங்க தங்கமணி. தலையாட்டினேன். ரெண்டே வாரத்துல தீவு முழுக்க சுத்தியாச்சு. அந்த போனஸ் கல்லறையும்தான். அவ்வ்வ்...

கடைசிப் பரீட்சை முடிஞ்ச சாயந்திரம் அவன் திறந்து பார்த்தா, என் ஆட்டம் 80 சதவீதத்துல நிக்குது. கத்துவான்னு நினைச்சேன். "நல்லா இருந்துச்சாப்பா?"ன்னு மட்டும் கேட்டுட்டு புதுசா ஆரம்பிச்சான். பக்கத்துல உட்கார்ந்தேன். விடை தெரிஞ்சவன் பக்கத்துல இருக்கிறது சேர்ந்து ஆடுறது இல்லீங்க. அந்தக் கல்லறைக்குள்ள நுழைஞ்சதும், "உங்களுக்குத்தான் தெரியுமே, சொல்லிடுங்க"ன்னான். அவன் திட்டியிருந்தாக்கூட தேவலை.

ஜூலையில கோயம்புத்தூருக்கு ரயிலேத்தி விட்டேன். 2014 ஜனவரியில பிஎஸ்4க்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் வந்த 'டெஃபினிட்டிவ் எடிஷன்'ல அந்தக் கல்லறையும் உள்ளேயே இருந்துச்சு. காத்திருந்தவங்களுக்கும் கிடைச்சிருச்சு. நான்தான் காத்திருக்கலை.

2024 பிப்ரவரி 14ல பழைய மூணு ஆட்டத்தையும் மெருகேத்தி விட்டாங்க. பெங்களூர்லேர்ந்து போன்: "அப்பா, வாங்கி அனுப்பவா?"

"அனுப்பு. நீ வர்ற வரைக்கும் தொட மாட்டேன்."

நிஜமாவே தொடலை. ஹோலி லீவுக்கு வந்தான். மடியில எல்லாம் உட்கார முடியாது, 28 வயசு. நாற்காலியை இழுத்துப் போட்டுகிட்டு, "தாத்தாவைப் பூட்டுங்கப்பா"ன்னான். பூட்டினேன்.

"இதுக்கா ஒரு மாசத்துக்கு மேல காத்திருந்தீங்க?"ன்னாங்க தங்கமணி.

ஆமாங்க, இதுக்குத்தான் :-)